தாய்வழி என்று சொன்ன வார்த்தை

துறைமுகச் சுங்கத்தில் ஆறு வாரமாகக் கிடந்த ரசாயனப் பெட்டிக்காக நஸீஹா அன்று காலை மூன்று பேருக்குப் போன் பேசியிருந்தாள். மூன்று பேரும் நாளைக்குப் பேசச் சொன்னார்கள். இடது தோளில் ஆரம்பித்த வலி கழுத்துவரை ஏறியிருந்தது. காற்று தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து அடித்ததால் ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை. காபெஸ் நகரத்தில் வசந்தகாலம் என்றால் பாதி நாள் இப்படித்தான்.

ஜலீலா புதிதாக வந்த ரத்த மாதிரிகளை ஏட்டில் பதிந்துகொண்டிருந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷமாக டெக்னீஷியன். நஸீஹா மாணவியாக வந்து தயங்கி நின்ற முதல் நாளையும் பார்த்தவள். ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த ஊர் பேர எங்கயோ எழுதின ஞாபகம். நீ முன்னாடி ரத்தம் எடுத்த குடும்பம் இல்ல?"

நஸீஹா வாங்கிப் பார்த்தாள். யஹ்யா, வயது பதினான்கு மாதம். கழுத்து நிற்கவில்லை. கண் நிலையில்லாமல் ஓடுகிறது. அடிக்கடி வாந்தி. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் மூன்று மடங்கு. ஊர் ஐன் ஸத்ரா. தகப்பன் லஸ்ஹர். தாய் மூனியா.

தாய் என்ற இடத்தில் விரலை வைத்தபடி அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"அம்மா பேரு வேற."

"அவள விட்டுட்டு மறு கல்யாணம் பண்ணியிருப்பான். இதுல அதிசயப்பட என்ன இருக்கு?"

"அம்மா வேறன்னா இந்தப் புள்ளைக்கு இந்த நோய் வரவே கூடாது, ஜலீலா."

ஜலீலா பேனாவை மூடி வைத்தாள். 

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், முனைவர் பட்டத்துக்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஐன் ஸத்ராவில் ஷத்லியா என்ற பெண்ணை அவள் பார்த்தாள். ஷத்லியாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ரீம் என்ற மூத்த மகள் இரண்டரை வயதில் இறந்துபோயிருந்தாள்; ஆஸ்பத்திரியில் எடுத்து உறைய வைத்த அவள் ரத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மடியில் வஜ்தி, பத்து மாதம். அவனுக்கும் தலை நிற்கவில்லை. அக்கா போன வழியிலேயே அவனும் போய்க்கொண்டிருந்தான்.

நோய் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது. அது தசையைச் சோதித்தபோதே தெரிந்துவிட்டது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அடுப்பு மாதிரி எரிந்து சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. அந்த அடுப்புக்கென்று சின்னதாக ஒரு தனி மரபணுச் சுருள் உண்டு. அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்குப் போகும். தகப்பனுக்கு அதில் பங்கு கிடையாது. ஆனால் அடுப்பைக் கட்டுவதற்கு வேண்டிய மற்ற நூற்றுக்கணக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அவை தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வருபவை. அந்தக் காலத்தில் உட்கருவில் இருப்பதையெல்லாம் தேடிப் பார்க்க அவர்களிடம் கருவியும் இல்லை, வசதியும் இல்லை. சின்னச் சுருளைப் படிக்க முடிந்தது. படித்தாள். ஷத்லியாவிடமும் இரண்டு பிள்ளைகளிடமும் ஒரே எழுத்து மாறியிருந்தது. உலகத்தில் அதுவரை யாரும் பதிவு செய்யாத மாற்றம். பேராசிரியர் முக்தார் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

முடிவுக் காகிதத்தைக் கொடுத்துச் சொல்ல ஐன் ஸத்ராவுக்கு அவளே போனாள். வியாழக்கிழமை, தடுப்பூசி நாள். மருந்தகத்தில் இருபது இருபத்தைந்து பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தனி அறை பூட்டிக் கிடந்தது, சாவி நர்ஸிடம் இல்லை. சரி, சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நஸீஹா வராந்தாவில் நின்றபடியே ஷத்லியாவிடமும் லஸ்ஹரிடமும் சொன்னாள். "இது தாய் வழியா வர்ற நோய்." ஒரே வாக்கியம். இருபத்தைந்து பேர் காதிலும் விழுந்தது.

வஜ்தி பதினேழாவது மாதத்தில் இறந்தான். அடுத்த வருஷம் லஸ்ஹர் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கினான். இதெல்லாம் நஸீஹாவுக்கு அப்போதே காதில் விழுந்ததுதான். வருத்தப்பட்டாள். பிறகு அடுத்த குடும்பம், அடுத்த ஊர்.

இப்போது பழைய குழாய்களை உறைபெட்டியின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள். ரீம், வஜ்தி, ஷத்லியா, லஸ்ஹர். பெயர்கள் அவளுடைய அந்தக் காலத்துக் கையெழுத்தில், வட்டம் வட்டமாக இருந்தன. யஹ்யாவின் மாதிரியையும் அதோடு வந்திருந்த மூனியாவின் மாதிரியையும் அவற்றோடு சேர்த்து, மொத்த மரபணுவையும் படிக்கும் வசதியுள்ள வெளிநாட்டுக் கூடத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரு பழைய தோழி இருந்தாள். அவள் தயவில் வரிசையில் முன்னால் இடம் கிடைத்தது. அப்படியும் முடிவு வர ஏழு மாதமாயிற்று.

மூன்று பிள்ளைகளிடமும் உட்கருவிலிருந்த ஒரே மரபணு இரண்டு பிரதியிலும் உடைந்திருந்தது. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. லஸ்ஹரிடம் ஒரு பிரதி உடைந்தது, ஷத்லியாவிடம் ஒன்று, மூனியாவிடம் ஒன்று. ஷத்லியா அவனுடைய சித்தப்பா மகள், மூனியா தாய்மாமன் மகள். ஊரே நாலு தலைமுறைக்கு முன் ஒரு கிழவனிடமிருந்து கிளைத்தது. பட்டத்தை வாங்கித் தந்த அந்த ஒற்றை எழுத்து மாற்றத்தை இப்போதைய பட்டியல்களில் தேடிப் பார்த்தாள். கடற்கரை ஊர்களில் இருநூறு பேருக்கு ஒருவரிடம் இருந்தது. மீன் பிடிப்பவர்கள், ஆசிரியர்கள், எண்பது வயதுக் கிழவிகள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

பேராசிரியர் முக்தாரிடம் காகிதங்களைக் கொண்டுபோய் வைத்தாள். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி நிதானமாகப் படித்தார்.

"அழகா வந்திருக்கு. இதுவே நல்ல கட்டுரை."

"பழைய கட்டுரை தப்பு, சார்."

"தப்புன்னு சொல்லாத. அன்னைக்கு நம்ம கையில இருந்த வெளிச்சம் அவ்வளவுதான். புதுசுல ஒரு வரி போட்டுடு, முன்னாடி சொன்னது மறுபரிசீலனைக்கு உரியதுன்னு. படிக்கறவனுக்குப் புரியும்."

"ஐன் ஸத்ராவுல யாரும் கட்டுரை படிக்க மாட்டாங்க."

"அப்ப கவலையே இல்லையே."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் முகத்தை மாற்றிக்கொண்டார். "நஸீஹா, நீ களைச்சுப் போயிருக்க. நாப்பது பேருக்கு மேல அந்தக் கட்டுரைய எடுத்தாண்டிருக்காங்க. திருத்தம் போட்டா எல்லாரும் கேள்வி கேப்பாங்க. யோசிச்சுச் செய்."

"யோசிச்சுட்டேன், சார். திருத்தம் எழுதியாச்சு. உங்க கையெழுத்துக்காக வெச்சிருக்கேன்."

அவர் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில், ஆலிவ் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, அவள் ஐன் ஸத்ராவுக்குப் போனாள். இரண்டரை மணி நேரப் பயணம். மேற்கே போகப் போக மரங்களுக்கடியில் விரித்த வலைகளும், ஏணி மேல் பெண்களுமாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றேதான் மருந்தக நாளைத் தவிர்த்தாள்.

லஸ்ஹரின் வீட்டு முற்றத்தில் அவனுடைய அம்மா மெஹ்ரெசியா பாய் விரித்து ஆலிவில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூனியா சுவரோரமாக யஹ்யாவை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். குழந்தை எடை ஏறவேயில்லை என்பது தூரத்திலேயே தெரிந்தது. லஸ்ஹர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தான். நாற்பத்தொன்பது வயதுக்கு மீசை முழுக்க வெளுத்திருந்தது.

மெஹ்ரெசியாவே முதலில் ஆரம்பித்தாள். "வா பொண்ணே, வா. என் மகன் தலையெழுத்தப் பாத்தியா? ஒருத்தி வந்தா, ரெண்ட மண்ணுக்குக் குடுத்தா. சரி, வேற வயிறு பாப்போம்னு என் தம்பி வீட்டுலயே எடுத்தேன். இவளும் அதே சரக்கு."

மூனியா குழந்தையின் வாயைத் துடைத்தாள். காதில் விழாத மாதிரி இருக்க அவள் நன்றாகப் பழகியிருந்தாள்.

"அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் நஸீஹா. "இது பொம்பளைங்ககிட்டருந்து மட்டும் வர்றது இல்ல. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் அந்த முற்றத்துக்குப் பொருந்தவில்லை. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள். "ஒவ்வொரு வேலைக்கும் உடம்புல ரெண்டு சீட்டு இருக்கும். ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஒண்ணு கிழிஞ்சிருந்தாலும் இன்னொண்ண வெச்சு வேலை நடந்துரும். கிழிஞ்ச சீட்டே ரெண்டு பக்கமும் வந்து சேந்தாத்தான் இந்த நோய்."

லஸ்ஹர் நின்றபடியே கேட்டான். "எங்கிட்டயும் ஒண்ணு கிழிஞ்சிருக்கா?"

"ஆமா."

"நான் நல்லாத்தான இருக்கேன். மூட்ட தூக்கறேன், டிராக்டர் ஓட்டறேன்."

"மூனியாவும் நல்லாத்தான் இருக்கா. ஷத்லியாவும் நல்லாத்தான் இருந்தா."

அந்தப் பெயர் அந்த முற்றத்தில் ரொம்ப நாளாகச் சொல்லப்படாதது என்பது மூனியா சட்டென்று நிமிர்ந்து பார்த்த விதத்தில் தெரிந்தது. மெஹ்ரெசியா இலையைப் பொறுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. "எங்க பக்கத்துல அப்படி ஒண்ணும் கிடையாது" என்றாள், ஆலிவைப் பார்த்துக்கொண்டே.

லஸ்ஹர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். "டாக்டர், நீங்க குடுத்த காகிதத்தத்தான் நான் ஜட்ஜுகிட்டக் காட்டினேன்."

"தெரியும்."

"அத நம்பித்தான் அவள அனுப்பினேன்."

"நான் அனுப்பச் சொல்லல, லஸ்ஹர்."

சொன்ன உடனே அந்த வாக்கியம் அவளுக்கே பிடிக்கவில்லை. உண்மைதான், ஆனாலும் அது சொல்லிக்கொள்ள வந்த உண்மை இல்லை. "ஆனா தப்பா சொன்னது நான்தான்" என்றாள்.

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய் டிராக்டரைக் கிளப்பினான்.

நஸீஹா காரின் கதவைத் திறக்கும்போது மூனியா குழந்தையோடு பின்னால் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. வீட்ல இன்னும் சொல்லல. இதுக்கும் அப்படியே இருக்குமா?"

"நாலுல ஒரு பங்கு இருக்கலாம். மூணு பங்கு இருக்காது. பதினோராவது வாரத்துல காபெஸுக்கு வா, பாத்துச் சொல்லிடறேன்."

"இருந்தா?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணலாம். சட்டத்துல இடம் இருக்கு. ஒண்ணும் பண்ண வேணாம்னாலும் நான் கூட இருப்பேன்."

மூனியா தலையசைத்தாள். "இவனுக்கு?"

நஸீஹா யஹ்யாவின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. "இவனுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா."

"அது தெரியும். சும்மா கேட்டேன்."

ஷத்லியா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். நஸீஹா போனபோது பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள். சமையலறை முழுக்கத் தக்காளியும் ஹரிஸ்ஸாக் காரமும் கலந்த வாசனை. இடுப்பளவு உயரமான அண்டாவுக்குள் குனிந்து ஒரு பெண் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"ரத்தம் எடுக்க வந்தீங்களா, டாக்டரம்மா?"

"இல்ல."

"அப்படின்னா உக்காருங்க."

நஸீஹா கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை சீட்டு, கிழிசல் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன பார்த்தேன், எதைப் பார்க்க முடியவில்லை, பார்க்க முடியாததை ஏன் சொல்லாமல் விட்டேன், இப்போது எப்படித் தெரிந்தது என்று வரிசையாகச் சொன்னாள். ஷத்லியா கேட்டுக்கொண்டே அண்டாவைத் தேய்த்தாள். இரண்டு தடவை தண்ணீர் மாற்றினாள்.

"அப்ப அவன்கிட்டருந்தும் வந்திருக்கு."

"சரிபாதி."

"சரிபாதி" என்று ஷத்லியா சொல்லிப் பார்த்தாள். "பால்ல?"

"என்ன பால்?"

"என் பால்ல வருமா இந்த நோய்?"

"வராது. எப்பவுமே வராது. பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஷத்லியா தேய்ப்பதை நிறுத்தினாள். "நீங்க தாய் வழின்னு சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே வஜ்திக்குப் பால நிறுத்திட்டேன். அம்மாகிட்டருந்து வருதுன்னா அம்மாகிட்ட என்ன இருக்கு, பால்தான இருக்குன்னு நெனச்சேன். நாலு மாசம் ஆட்டுப்பால் ஸ்பூன்ல குடுத்தேன். என் நெஞ்சத் தேடித் தேடி அழுவான். நான் அவன எங்கம்மாகிட்டக் குடுத்துட்டு அடுத்த ரூமுல போய் உக்காந்துப்பேன், வாசன தெரியக் கூடாதுன்னு."

நஸீஹாவுக்கு இது தெரியாது. பதின்மூன்று வருஷத்தில் அவள் எழுதிய எந்தக் காகிதத்திலும் இது இல்லை.

"நீ கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "நான் சொல்லியிருக்கணும்."

"கேக்கணும்னு எனக்குத் தோணல. நீங்க வேற அவசரமாக் கிளம்பினீங்க."

வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். ஷத்லியா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு கேக்கறேன். உள்ளத உள்ளபடி சொல்லுங்க. பஸ் ஓட்டற நூரின்னு ஒருத்தர், கைரவான் பக்கத்து ஆளு. பொண்டாட்டி தவறிட்டா. எனக்காக ரெண்டு தடவ ஆள் அனுப்பினாரு. நல்ல மனுஷன். நான்தான் வேணாம்னுட்டேன், அவரு வாசல்லயும் ரெண்டு குழி எதுக்குன்னு. அவரக் கட்டியிருந்தா எனக்குப் புள்ள நல்லாப் பொறந்திருக்குமா?"

நஸீஹா தரையைப் பார்த்தாள். இதற்கு நாசூக்காகப் பதில் சொல்ல அவளுக்கு எத்தனையோ வழி தெரியும். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கர்ப்பமும் வேறு. இப்படி ஆயிரம் குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஆமா" என்றாள். "அவரு வேற ஊர், வேற வம்சம். நல்லாத்தான் பொறந்திருக்கும்."

"எத்தன புள்ளைன்னாலும்?"

"எத்தனை புள்ளைன்னாலும்."

ஷத்லியா நீளமாக மூச்சு விட்டாள். அழவில்லை. "எனக்கு நாப்பத்தஞ்சு. போன வருஷமே எல்லாம் நின்னு போச்சு" என்றாள், ஏதோ கடை மூடிவிட்ட சேதி சொல்வதுபோல. "அவரும் வேற கட்டிக்கிட்டாரு. மூணு புள்ளைங்க. பஸ் நம்ம ஊர்லதான் திரும்பும், சில நாள் கூட்டிட்டு வருவாரு."

நஸீஹா மன்னிப்புக் கேட்டாள். ஷத்லியா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. வேறு ஏதோ கணக்கு அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி மக இப்திஸாமுக்கு மூணு எடத்துலேருந்து வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. பெரியம்மா வழி சரியில்லன்னு. இப்ப ஒரு வாத்தியார் வீட்ல கேட்டிருக்காங்க, பதில் சொல்லாம இழுக்கறாங்க. நீங்க எனக்குத் தனியா வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? அன்னைக்கு ஊரே கேக்கற மாதிரி சொன்னீங்க. நாளான்னைக்கு வியாழன். வந்து அதே மாதிரி சொல்லிட்டுப் போங்க."

"வர்றேன்."

"கவர்மெண்ட் முத்திரை போட்ட காகிதமும் வேணும். பேச்ச மறந்துருவாங்க."

நஸீஹா காபெஸுக்குத் திரும்பி, புதன்கிழமை முழுக்க அரபியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். அவள் எழுதியதிலேயே கஷ்டமான பக்கம் அது. ஜலீலா படித்துப் பார்த்து, "பாதிக்கு மேல யாருக்கும் புரியாது. சுருக்கு" என்றாள். ஆறு வரியாகச் சுருங்கியது. பேராசிரியர் வெளியூர் போயிருந்தார். முத்திரையை ஜலீலாவே குத்திக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மருந்தக வராந்தாவில் கூட்டம் குறைவில்லை. பறிப்புக் காலத்திலும் பிள்ளைகளுக்கு ஊசி போடத்தானே வேண்டும். ஷத்லியா முன்வரிசையில், கறுப்புத் தலைத்துணியை இறுக்கிக் கட்டி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நஸீஹாவுக்குப் பேச்சு வழக்கம்தான். மாநாடுகளில் முன்னூறு பேர் முன்னால் பேசியிருக்கிறாள். இங்கே முதல் வரியை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு, ஷத்லியாவோட புள்ளைங்களுக்கு வந்த நோய் தாய் வழியா வருதுன்னு நான் சொன்னேன். அது தப்பு. முழுசாப் பாக்காம சொன்னேன். அந்த நோய்க்கு அம்மா பாதி, அப்பா பாதி. அம்மா மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. ஷத்லியா வீட்டுப் பொண்ணுங்க யாரக் கட்டினாலும், ரத்த சொந்தமா இல்லாத எடமா இருந்தா பயமே இல்ல. சொந்தத்துல கட்டறதா இருந்தா யாரா இருந்தாலும் முதல்ல ரத்தம் பாத்துக்கங்க. நான் இலவசமாப் பாத்துத் தரேன்."

உள்ளே ஒரு குழந்தை ஊசிக்கு அழுதது.

"அப்ப எங்க எல்லார்கிட்டயும் இருக்குங்கறீங்களா?" என்றாள் ஒருத்தி.

"நிறையப் பேர்கிட்ட இருக்கலாம்."

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?" இது கதவோரம் நின்ற நடுவயதுப் பெண். கேலி பாதி, கோபம் பாதி.

"அப்ப தெரிஞ்சத சொன்னேன். இப்ப தெரிஞ்சத சொல்றேன். இன்னும் தெரிய வந்தா வந்து சொல்றேன்."

"ஆம்பளைங்க பாதின்னு சொல்லிட்டுப் போறீங்களே, வீட்ல போய் நாங்க இத எப்படிச் சொல்றது?" என்று இன்னொருத்தி கேட்டதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு கிழவி தன் சர்க்கரைச் சீட்டை நீட்டி அதையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். நஸீஹா மனதில் நினைத்து வந்த மௌனமோ, தலைகுனிவோ எதுவும் நடக்கவில்லை.

ஷத்லியா கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். அதற்குள் மூனியா யஹ்யாவோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாமியாருக்குத் தெரியாமல் வந்திருக்க வேண்டும், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்தாள். அது இருமி, மூக்கு வழியாகக் கக்கியது.

ஷத்லியா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோனாள்.

"அப்படிப் படுக்க வெச்சுக் குடுக்காத" என்றாள். "நெஞ்சுல ஏறிடும். தலைய உன் முழங்கை மேல நிமித்து. இன்னும். தாடைய ரெண்டு விரலால தாங்கிக்க, இப்படி. நாலு வாய் குடுத்துட்டு நிறுத்து. அவனா முழுங்கற வரைக்கும் பொறு."

மூனியா அதன்படி செய்தாள். யஹ்யா நாலு வாய் குடித்தான், நின்றான், விழுங்கினான்.

"கஞ்சி கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும். தண்ணியா இருந்தாத்தான் இருமுவான்" என்று சொல்லிவிட்டு ஷத்லியா வெளியே வந்தாள்.

நஸீஹா அவளோடு பள்ளிக்கூடத் தெருமுனை வரை நடந்தாள். திரும்பும் இடத்தில் ஷத்லியா நின்றாள்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணுமா, டாக்டரம்மா?"

"வேணாம்."

"நல்லது. இன்னைக்கு எனக்கு வரல. அடுப்புல பருப்பு இருக்கு, போறேன்."

யஹ்யா பிப்ரவரியில் இறந்தான். மூனியா அதற்கு முன்பே, ஜனவரியில், லஸ்ஹரோடு காபெஸுக்கு வந்து சோதனை செய்துகொண்டாள். வயிற்றில் ஊசி போட்டு மாதிரி எடுக்கும்போது லஸ்ஹர் வெளியே நின்றான், ஆனால் வந்திருந்தான். வயிற்றிலிருந்த பிள்ளைக்கு ஒரு பிரதி உடைந்தும் ஒரு பிரதி நன்றாகவும் இருந்தது. ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்து, பத்தாவது வாரத்தில் கழுத்து நின்றது. வாத்தியார் வீட்டார் கடிதத்தைத் தங்கள் ஊர் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு இப்திஸாமை எடுத்துக்கொண்டார்கள் என்று நர்ஸ் போனில் சொன்னாள். ஷத்லியா கூப்பிடவில்லை. நஸீஹாவும் தொந்தரவு செய்யவில்லை.

கையெழுத்துக் கிடைத்த பிறகும் திருத்தம் அச்சாக எட்டு மாதமாயிற்று. முக்தார் ஓய்வு பெறும் வாரத்தில், வேறு காகிதங்களோடு காகிதமாக அதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரைப் பக்கம். மூன்று பேர் கடிதம் எழுதினார்கள். இரண்டு பேர் கண்ணியமாகவும் ஒருவர் ஏளனமாகவும்.

பட்டத்துக்காக ஊர் ஊராகப் போன அந்த வருஷங்களில் தாய் வழி என்று அவள் முடிவு எழுதிய குடும்பங்கள், ஷத்லியாவுடையது போக, மொத்தம் பதினேழு. எல்லாக் கோப்புகளையும் எடுத்து மேஜையில் அடுக்கினாள். பதிமூன்றில் முடிவு சரியாகவே இருந்தது. நாலில் சந்தேகம். அதில் ஒன்று தத்தாவீனுக்கு அப்பால், மலையடிவாரத்தில்.

"அவ்வளவு தூரம் போகணுமா?" என்றாள் ஜலீலா. "போன்ல சொல்லேன்."

"போன்ல முடியாது."

"தோள்பட்டைக்கு மருந்து போட்டியா?"

"போட்டேன். கேக்கல."

ஜலீலா பெருமூச்சோடு குளிர்பெட்டியைத் துடைத்துக் காலிக் குழாய்களை எண்ணி வைத்தாள். நஸீஹா கோப்பைத் திறந்து, அந்தக் குடும்பத்துத் தாயின் பெயரை ஒருமுறை படித்து மனதில் வைத்துக்கொண்டு, காரின் சாவியைத் தேடினாள்.